ஜெய்சல்மேரில் ஒரு நாள் ஆஃப்

லீவு கேட்கத் தெரியாத ஆளோடு எங்கேயும் போகாதீர்கள். குடித்துவிட்டுச் சலம்புகிறவனோடு போகலாம். தினமும் காலையில் வயிறு சரியில்லை என்று படுத்துக்கொள்கிறவனோடு போகலாம். வாய் ஓயாமல் அரசியல் பேசி உயிரை எடுக்கிறவனோடுகூடப் போகலாம். அவர்களையெல்லாம் நாலு வார்த்தை திட்டினால் தீர்ந்துபோகும். எது கேட்டாலும் "கொழப்பமில்ல மக்கா" என்று சொல்லிச் சிரிக்கிற மனிதரை என்ன செய்வது? பரவாயில்லை என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல் அது. இரண்டு வருடமாக மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டிருக்கிறேன், இன்னும் தீரவில்லை.

பெயர் வேண்டாம். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் அவர் ஓட்டிய பஸ்ஸில் ஏறாதவர்கள் குறைவு. பெயரைச் சொன்னால் ஆளாளுக்கு ஒரு கதை எடுத்துவிடுவார்கள். எல்லாம் அவர் எவ்வளவு நல்லவர் என்ற கதையாகவே இருக்கும். எனக்கு அதையெல்லாம் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அவர் டிரைவர், நான் கண்டக்டர். பத்தொன்பது வருடம் ஒரே டிப்போ, அதில் பாதிக்கு மேல் ஒரே வண்டி. என்னைவிட நாலு வயது மூத்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்.

அவருக்கு இப்போது இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. "ஒரு வார்த்தை வாயத் தொறந்து சொல்லியிருந்தா காலு போயிருக்காது. அவன் சொல்ல மாட்டானே" என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். அப்படிச் சொல்லிவைத்தது நான். அது எவ்வளவு தூரம் உண்மை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் டிப்போவில் டபுள் டியூட்டி என்று ஒன்று உண்டு. விடியுமுன் எடுத்த வண்டியை ராத்திரிதான் கொண்டுவந்து விட முடியும். அதற்குப் பதிலாக மறுநாள் முழுக்க ஓய்வு. அந்த ஓய்வுக்குத்தான் ஆஃப் என்று பேர். இடுப்பு நிமிர்வதும், பிள்ளைகளின் முகத்தைப் பகலில் பார்ப்பதும், பல்லுக்கு டாக்டரிடம் போவதும் எல்லாம் அந்த ஒரு நாளில்தான். அண்ணன் அதை ஊருக்கெல்லாம் தானம் பண்ணிக்கொண்டிருந்தார். கடற்கரைப் பக்கத்து டிரைவர் ஒருவனுக்குச் சர்ச் திருநாள், இன்னொருத்தன் மனைவிக்குப் பிரசவம், வேறொருத்தன் வீட்டுக்குக் கூரை போடுகிறான். நேரே அண்ணனிடம்தான் வருவார்கள். "அண்ணா, நாளைக்கு எனக்க டியூட்டிய ஒண்ணு பாத்துக்கிடணும்." அவர் சட்டையின் மேல் பித்தானைப் போட்டுக்கொண்டே தலையாட்டுவார். பதிலுக்கு அவருக்கு ஒரு நாள் தர வேண்டும் என்பது வழக்கம். அவர் ஒருநாளும் அதைக் கேட்டது கிடையாது. கேட்காதவனுக்கு யார் கொடுப்பார்கள்?

நானும் வாங்கியிருக்கிறேன். மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு தடவை பொய் சொன்னேன். எனக்குப் பதில் நிற்க வந்த கண்டக்டர் தன் டிரைவருக்கு ஒரு நாள் லீவு கேட்டான், அண்ணன் தன் ஆஃபை அதற்குக் கொடுத்தார். நான் கூட்டாளிகளோடு கோவளம் போய்க் கடலில் குளித்துவிட்டு வந்தேன். மறுநாள் அண்ணன் ஒரு பை நிறைய ஏத்த வாழைப்பழத்தோடு வந்து நிற்கிறார். "மாமிக்கு எப்படி உண்டு? இத அவிச்சுக் குடு. நல்லதாக்கும்" என்றார். அவருக்குக் கண் இரண்டும் சிவந்திருந்தது. தொடர்ந்து மூன்று நாள் வண்டி ஓட்டியிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். இருந்ததா? எரிச்சல்தான் வந்தது. இந்த ஆள் ஏன் இப்படி நம்மைக் குற்றவாளி ஆக்குகிறார் என்று தோன்றியது. பழத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

எனக்கு வாய் நீளம். அவருக்கு வாயே கிடையாது. திருவனந்தபுரத்தில் ஒருத்தன் ஆட்டோவைக் குறுக்கே போட்டுவிட்டு அவரைப் 'பாண்டி' என்று ஏசினான். இதே மனிதரைக் களியக்காவிளை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் 'மலையாளத்தான்' என்பார்கள். கேரள எல்லையில் தமிழ் பேசுகிற எங்களுக்கு இரண்டு பக்கமும் கிடைப்பது இதுதான். நான் படியிலிருந்து குதித்து அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். அண்ணன் ஸ்டீயரிங்கைவிட்டுக் கையை எடுக்கவில்லை. "விடு மக்கா, ஆளுக நேரத்துக்குப் போவணும்" என்றார். ஏச்சு வாங்கியவர் அவர், ரத்தம் கொதித்தது எனக்கு. இது என்ன நியாயம்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பஸ்ஸில் மணிக்கயிறு கண்டக்டர் கையில். ஒரு மணி அடித்தால் நிற்க வேண்டும், இரண்டு அடித்தால் எடுக்க வேண்டும். டபுள் பெல் கேட்காமல் அண்ணன் வண்டியை ஓரடி நகர்த்த மாட்டார். கேட்டுவிட்டால் நிற்கவும் மாட்டார். ஒருநாள் உதியன்குளங்கரையில் ஒரு கிழவி படியிலிருந்து இறங்கி முடிப்பதற்குள் நான் டபுள் பெல் கொடுத்துவிட்டேன். பின்னால் ஒருத்தனோடு சில்லறைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். வண்டி நகர்ந்தது, கிழவி விழுந்தாள், முட்டி உரிந்தது. டிப்போவில் விசாரித்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன், "நான் பாக்காம எடுத்துட்டேன் சார்" என்றார். மெமோ அவருக்கு வந்தது. நான் பக்கத்தில் நின்றுகொண்டு என் பையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். வெளியே வந்ததும், "என்னத்துக்கு அண்ணா அப்படிச் சொன்னிய?" என்று அவர் மேலேயே பாய்ந்தேன். "உனக்குப் பிரமோசன் வரப்போவுதுல்லா. கொழப்பமில்ல" என்றார்.

அவர் ஓய்வு பெற்று நாலு வருடம் கழித்து நானும் வெளியே வந்தேன். கை கால் சும்மா இருக்கக் கூடாதென்று சைக்கிள் வாங்கினோம். நான், அண்ணன், திருப்புறத்தில் ஸ்கூல் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற ஒருத்தர், காஞ்சிரங்குளத்துக்குத் தெற்கே கடலோரத்தில் படகு எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்த லாசர். காலையில் பூவாறு வரை போய்க் கடற்கரையில் ஒரு சாயா குடித்துவிட்டுத் திரும்புவோம். அதோடு விட்டிருக்கலாம். 'அதிர்த்தி முதல் அதிர்த்தி வரை' என்று ஒரு யோசனை எனக்குத்தான் வந்தது. அதிர்த்தி என்றால் எல்லை. நம் ஊர் மாநில எல்லையில் இருக்கிறது. இங்கிருந்து மிதித்து, ராஜஸ்தான் பாலைவனத்தில் நாட்டு எல்லை வரைக்கும் போய் நிற்பது. ஊர் நூலகத்தில் சொன்னேன், கை தட்டினார்கள். பேனர் அடித்துத் தந்தார்கள். கேப்டன் நான்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் அண்ணனின் மனைவி என்னை வீட்டுக்கு வரச்சொன்னார். அக்கா என்று கூப்பிடுவேன். மாத்திரைப் பொட்டலத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, "தம்பி, இவருக்கு ஷுகர் உண்டு. மாத்திரை எடுத்து வச்சிருக்கேன். ஆனா இவரு வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல மாட்டாரு. பாத்துக்கிட வேண்டியது நீயாக்கும்" என்றார். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். "நான் பாத்துக்கிடுதேன் அக்கா" என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்தது.

போட்டோவில் எல்லோரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று நாலு பேருக்கும் ஒரே நிறத்தில் ஷூ வாங்கினேன். அண்ணன் அதுவரை ரப்பர் செருப்போடுதான் சைக்கிள் மிதிப்பார். கடையில் எனக்கு வந்த ஜோடி விரலைப் பிடித்தது. வேறு சைஸ் இல்லை என்றான் கடைக்காரன். நான் முகத்தைச் சுளித்ததைப் பார்த்துவிட்டு அண்ணன் தன் ஜோடியைக் கழற்றி என்முன் வைத்தார். "இத இட்டுப் பாரு." கச்சிதமாக இருந்தது. அவர் என்னுடையதில் காலைத் திணித்துக்கொண்டு கடைக்குள்ளே நாலடி நடந்தார். "உங்களுக்குப் பிடிக்குதா அண்ணா?" என்று கேட்டேன். என்ன பதில் வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பதில் வரும் என்று தெரிந்துதான் நானும் கேட்டேன்.

முப்பத்தைந்து நாள் மிதித்தோம். வழியை எல்லாம் எழுதப்போவதில்லை. குஜராத் தாண்டியதும் பகலில் வெயில், சாயங்காலம் ஆனால் பல் கிட்டுகிற குளிர். அண்ணன் சாக்ஸைக் கழற்றாமலே படுக்க ஆரம்பித்தார். லாசர் கிண்டல் செய்தான். "எனக்குக் குளிருதாக்கும்" என்றார் அண்ணன். குளிர் எல்லோருக்கும்தான் இருந்தது. அதனால் அது யாருக்கும் விசேஷமாகப் படவில்லை.

ஜெய்சல்மேர் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் துவண்டுபோயிருந்தோம். மறுநாள் முழுக்க ஆஃப் என்று அறிவித்தேன். அதற்கடுத்த நாள் கிளம்பினால் இரண்டு நாளில் எல்லை. அங்கே உள்ளே விடுவதற்கான அனுமதிச் சீட்டில் தேதி போட்டிருந்தார்கள். ஊரில் அந்தத் தேதியைச் சொல்லிவைத்திருந்தேன். அன்று சாயங்காலம் நூலகத்தில் பெரிய திரையில் எங்களை நேரலையாகக் காட்டுவதாக ஏற்பாடு.

கோட்டைக்குக் கீழே ஒரு லாட்ஜ். கல்லெல்லாம் ஒரே மஞ்சள், தெருவெல்லாம் மணல், மாடு, பைக், வெளிநாட்டுக்காரர்கள். லாசர் எட்டு மணிவரை தூங்கினான். கிளார்க் சார் பேரனோடு வீடியோவில் கொஞ்சிக்கொண்டிருந்தார். நான் பல் தேய்க்கக் குளியலறைக்குள் போனபோது கொடியில் அண்ணனின் சாக்ஸ் தொங்கியது. துவைத்துப் போட்டிருந்தார். ஒன்றில் முன்பக்கம் பழுப்பாக ஒரு கறை போகாமல் இருந்தது. ஒரு மாதிரி வாடையும் இருந்தது. சங்கிலி எண்ணெய் என்று நினைத்துக்கொண்டேன். சங்கிலி எண்ணெய்க்கு அந்த வாடை வருமா? முப்பது வருடம் வண்டியோடு புழங்கியவனுக்கு அதுகூடவா தெரியாது?

மொட்டைமாடிக்குப் போனால் அண்ணன் நாலு சைக்கிளையும் தலைகீழாக நிறுத்தி, பழைய பிரஷ்ஷால் சங்கிலியில் மணலைத் தட்டிக்கொண்டிருந்தார். ஷூ காலில் இருந்தது.

"அண்ணா, இன்னைக்கு ஆஃப் ஆக்கும். கீழ வாங்க."

"மணலு கேறிக் கெடக்கு மக்கா. உனக்க பிரேக்கும் லூசு. நீ போயி தின்னு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனவன் சைக்கிளை அவனவன் பார்க்க வேண்டும் என்று முதல் நாளே சட்டம் போட்டிருந்தேன். சத்தம் போட்டேன். சிரித்தார். சத்தம் போட்டுவிட்டு நான் கீழே போய் நாலு கச்சோரி தின்றேன். திரும்பி வந்தபோது என் பிரேக்கை இறுக்கி முடித்திருந்தார்.

பத்து மணிக்குக் கோட்டைக்குள் இருக்கும் கோவிலுக்குப் போனோம். வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். திங்கள்கிழமை ஒன்றைக்கூடத் தவறவிடாமல் எங்கள் பக்கத்தில் செங்கல் என்ற ஊரின் சிவன் கோவிலில் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கிற மனிதர் அண்ணன். பெருநாள் ஆனாலும் மழை ஆனாலும் அது மாறாது. அந்த மனிதர் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு, "நீங்க போயிட்டு வாங்க. செருப்புக்குக் காவலு வேணும்லா" என்றார். லாசர் கிறிஸ்தவன். "நான் இருக்கேன் அண்ணா, நீங்க போங்க" என்றான். "நீ பாத்ததில்ல, போயிப் பாரு" என்று அவனைத் தள்ளி அனுப்பினார். உள்ளே கிளார்க் சார் என் காதில், "இவரு கோவிலுக்குக் கேறலியே, என்ன காரியம்?" என்று கேட்டார். "அவரு அப்படித்தான்" என்றேன். அவரைப் பற்றி யாருக்கும் மேலே யோசிக்கத் தேவையில்லாமல் செய்துவிடுகிற வாக்கியம் அது. டிப்போவில் எத்தனை தடவை சொல்லியிருப்போம்.

மத்தியானம் அவர் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்தார். மூன்று மணி இருக்கும், நான் மாடியில் செல்போனில் நூலகச் செயலாளரோடு பேசி முடித்தபோது பின்னால் வந்து நின்றார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார். எதிரே கோட்டை வெயிலில் பளபளத்தது.

"எலே மக்கா."

"சொல்லுங்க அண்ணா."

"நாளைக்கும் இஞ்சயே நின்னா எப்படி?"

"என்னத்துக்கு?"

"சும்மா. ஒரு நாளு ஆஃப் கூட எடுக்கலாமேன்னு ஒரு எண்ணம்."

இத்தனை வருடத்தில் அந்த வாயிலிருந்து முதல் தடவையாக ஆஃப் என்ற சொல் தனக்காக வருகிறது. எனக்கு அது காதில் விழவில்லை. எனக்குத் தேதி, சீட்டு, திரை, செயலாளர். "அண்ணா, பாஸில தேதி போட்டிருக்கு. ஊருல எல்லாரும் காத்திருக்காவ. இப்ப போயி இப்படிச் சொன்னா?" என்றேன்.

"இல்ல, காலு கொஞ்சம்..."

"காலு இஞ்ச யாருக்கு அண்ணா வலிக்கல? எனக்கு வலிக்கலியா? லாசருக்கு வலிக்கலியா? ரெண்டு நாளு. அவ்வளவுதான். பின்ன ஒரு மாசம் படுத்துக் கெடங்க."

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் நிமிர்ந்து கேட்டிருப்பேன். அப்படி எல்லாம் பார்க்கவில்லை. "அதும் செரியாக்கும்" என்றார். பிறகு அந்தச் சொல். "கொழப்பமில்ல." சுவரைப் பிடித்தபடியே படியிறங்கிப் போனார். நான் செல்போனை எடுத்து அடுத்த நம்பரை அழுத்தினேன்.

இதுதான் நடந்தது. ஷூவைக் கழற்றுங்கள் பார்ப்போம் என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு என்ன கேடு? அக்கா என்னிடம் அதைத்தானே கேட்டிருந்தார்? சுண்டுவிரலில் ஆரம்பித்த கொப்புளம் அன்றைக்கே பாதி கறுத்திருந்ததாம். அன்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் விரலோடு போயிருக்கும் என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். ஒரு விரல். என் மேல் வருகிற கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. அதனால்தான் பாதியை அவர் மேல் போடுகிறேன். ஏன் அய்யா அதோடு விட்டீர்? உம்முடைய காலுக்கு நீர் சண்டை போடாமல் யார் போடுவது? காலைத் தூக்கி என் மூஞ்சிக்கு நேரே காட்டியிருக்க வேண்டாமா?

மறுநாள் விடியும்போது நாலு பேரும் சைக்கிளோடு நின்றோம். முதல் நாளிலிருந்தே ஒரு விளையாட்டு வைத்திருந்தேன். கிளம்பும்போது என் சைக்கிள் மணியை இரண்டு தடவை அடிப்பேன், டபுள் பெல். மற்ற இரண்டு பேரும் சிரிப்பார்கள், அண்ணன் மட்டும் நிஜமாகவே அதற்காகக் காத்திருப்பார். அன்றைக்கும் அடித்தேன். அவர் இடது குதிகாலால் மிதியை அழுத்திக் கிளம்பினார். அதையும் பார்த்தேன்.

அந்த இரண்டு நாளும் அவர் கடைசியில்தான் வந்தார். முதல் நாள் சாயங்காலமே உடம்பு அனலாகக் கொதித்திருக்கிறது. தொட்டுப் பார்த்தது லாசர்தான். "கேப்டா, அண்ணனுக்குப் பனி உண்டு" என்றான். எங்கள் பக்கம் காய்ச்சலைப் பனி என்போம். நான் ஒரு மாத்திரை கொடுத்தேன். மறுநாள் எல்லைக்குப் போய்ச் சேர்ந்தோம். பேனரைப் பிடித்தோம். நூலகத்தில் கை தட்டுகிற சத்தம் செல்போனில் கேட்டது. அண்ணன் பேனரின் கம்பை இரண்டு கையாலும் பிடித்து அதன் மேல் சாய்ந்து நின்றார். படம் எடுத்து முடிந்ததும் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். ஷூவைக் கழற்றியது ஒரு ராணுவக்காரர். கழற்றியவர் எங்களை நிமிர்ந்து பார்த்து இந்தியில் ஏதோ கேட்டார். எங்களில் இந்தி தெரிந்தவர் கிளார்க் சார் மட்டும்தான். அவர் குனிந்து பேனரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

ஜோத்பூரில் ஒரு ஆஸ்பத்திரியில் காலை எடுத்தார்கள். அக்காவுக்குப் போன் செய்ய வேண்டியது கேப்டன்தானே. அண்ணன் கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று பேசினேன். அக்கா அழவில்லை. "அவரு உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலியா தம்பி?" என்று மட்டும் கேட்டார். என்ன சொல்லப்போகிறேன் என்று யோசிக்கவே இல்லை, வாய் அதுவாகச் சொன்னது. "ஒரு வார்த்தை சொல்லல அக்கா. உங்களுக்குத்தான் தெரியுமே." போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அண்ணன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருக்கிறது. திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டார். கிழவி விழுந்த அன்று மெமோ வாங்கியது போலத்தான் இதையும் வாங்கிக்கொண்டார் என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அப்போது வந்தது நிம்மதி.

ஊருக்கு வந்த பிறகு தினமும் நாலு மணிக்கு அவர் வீட்டுக்குப் போவேன். எல்லோரும் என்னைத்தான் பாராட்டினார்கள். சொந்தத் தம்பிகூட இப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டான் என்றார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "எப்படி உண்டு அண்ணா?" என்று கேட்பேன். "கொழப்பமில்ல மக்கா" என்பார். அதைக் கேட்டால்தான் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கும். வருகிறவர்களிடம் நானே கதையைச் சொல்வேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவர் குணம் அப்படி, நாங்கள் என்ன செய்ய? கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். அவரும் அங்கேதான் படுத்திருப்பார். மூன்று மாதம் அப்படிப் போனது. சொல்லிச் சொல்லி அது எனக்கே உண்மையாகிவிட்டது.

ஒருநாள் போனபோது அக்கா சாயா போட அடுக்களைக்குப் போயிருந்தார். அண்ணன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, வெட்டிய காலை மெதுவாக மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். நான் நாற்காலியை இழுத்தேன்.

"எப்படி உண்டு அண்ணா?"

காலை நீட்டுவதை நிறுத்தினார். "எலே மக்கா, ஒரு காரியம் சொல்லட்டா?"

"சொல்லுங்க அண்ணா."

"நீ இனி வராண்டாம்."

எனக்குக் கஷ்டம் கொடுக்கக் கூடாதென்று சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். வேறு எப்படி நினைப்பேன், அவரைத் தெரியாதா எனக்கு? "எனக்கு என்ன அண்ணா செரமம்? பக்கத்துலதானே கெடக்கேன்" என்றேன்.

"உனக்குச் செரமம்னு சொல்லல. எனக்காக்கும்." குரல் உயரவில்லை. "நீ வருவ. எப்படி உண்டுன்னு கேப்ப. நான் கொழப்பமில்லன்னு சொல்லணும். நீ அதக் கேட்டுட்டுப் போயிருவ. கொழப்பம் உண்டு மக்கா. ராத்திரி இல்லாத காலு வலிக்கு. உனக்கு வேண்டித் தெனமும் அந்தச் சொல்லச் சொல்லி எனக்கு மடுத்து அலுத்துட்டு. இனி ஏலாது."

என்ன செய்திருக்க வேண்டும் நான்? காலில் விழுந்திருக்க வேண்டும், அல்லது தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போயிருக்க வேண்டும். நான் கத்தினேன். நாற்காலி பின்னால் சாய்கிற அளவுக்கு எழுந்து நின்று கத்தினேன். "இத இப்பச் சொல்லுங்க. அன்னைக்கு ஏன் சொல்லல? வாயில என்ன வச்சிருந்திய? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்தக் காலு போயிருக்குமா? நீங்க சொல்லாம இருந்ததுக்கு நான் என்ன செய்ய?"

அவரிடமே சொன்னேன். அந்த மாடியில் என் எதிரே நின்ற மனிதரிடமே.

அண்ணன் என்னைப் பார்த்தார். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொள்ளவில்லை.

"நான் கேட்டேனே மக்கா" என்றார்.

வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தார். கையில் இரண்டு கிளாஸ் சாயா. எப்போது வந்தார் என்று தெரியாது. அண்ணனை அவர் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தார்.

"கேட்டாரா தம்பி?"

வழக்கம்போல அண்ணன் இடையில் புகுந்து ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் துண்டை எடுத்துக் காலின் மேல் போட்டுக்கொண்டு, நான் சொல்வதற்காக அவரும் காத்திருந்தார்.

"கேட்டாரு அக்கா" என்றேன்.

அக்கா ஒரு கிளாஸைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். இன்னொன்றைத் திரும்ப உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.